நெடி வராத மிளகாய்

பக்கத்து வீட்டு வாசுகி ஒரு தொட்டிச் செடியைக் கொண்டுவந்து தேன்மொழியிடம் கொடுத்தாள். "இத்தாலி மிளகாய், அக்கா. வதக்கினா இனிக்கும், குழந்தைக்குக்கூடக் கொடுக்கலாம்."

மிளகாயாவது இனிக்கிறதாவது என்று தேன்மொழி சிரித்துக்கொண்டாள். காய்கள் நீளநீளமாகச் சிவந்ததும், மற்ற மிளகாயோடு சேர்த்து மொட்டைமாடியில் காயப்போட்டு டப்பாவில் அடைத்தாள்.

"என்னை யாரும் வதக்கவே இல்லையே," என்றது இத்தாலி மிளகாய்.

"காஞ்சப்புறம் எல்லாரும் மிளகாய்தான். வாயை மூடிக்கிட்டுக் கிட," என்றது குண்டூர் மிளகாய்.

ஒருநாள் குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தது. தேன்மொழி டப்பாவைத் திறந்து, இருந்ததிலேயே நீளமானவற்றை மட்டும் பொறுக்கி, கல்லுப்போடு சேர்த்துக் கையில் பொத்திக்கொண்டாள்.

"எங்கே போறோம்?" என்று இத்தாலி மிளகாய் உப்பிடம் கேட்டது.

"குழந்தைக்குச் சுத்தி நெருப்பில போடுவா. நெடி ஏறி எல்லாரும் இருமினா ஒண்ணுமில்லை. நெடி வரலைன்னா, யாரோ கண்ணு வெச்சுட்டாங்கன்னு அர்த்தம்."

"ஐயோ, எனக்கு நெடியே கிடையாதே!"

"அதை அவகிட்ட யார் சொல்றது?" என்ற உப்பு, நெருப்பில் விழுந்து வெடித்தது.

யாரும் இருமவில்லை. தேன்மொழி அடுப்பையே வெறித்துப் பார்த்தாள். கடைசியாகக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சியது யார் என்று யோசித்தாள்.

மறுநாள் காய்ச்சல் விட்டது. குழந்தையைப் பார்க்கக் கஞ்சியோடு வந்த வாசுகி வெகுநேரம் கதவைத் தட்டினாள். மாடியில் தேன்மொழி, காதில் விழாதவள்போல, அந்தத் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை சுற்றிப்போடவும் மிளகாய் வேண்டுமே.