மீன்கொத்தி நீலம்

“இது இல்லக்கா, ஒரு சொட்டு பச்சை கம்மியா கீது. அடுத்தது எடுங்க” என்றாள் கவிப்பிரியா.

புடவைக் கடை கங்காவுக்குப் பொறுமை போய்விட்டது. “இதோட இருபத்தேழு பொடவை பிரிச்சாச்சு. நாளைக்குக் கல்யாணம்ன்ற, நீலக் கலர் வேணும்ன்ற. பேசாம அரக்குல ஒண்ணு எடுத்துகினு போம்மா!”

கவிப்பிரியா அதைக் காதில் வாங்கவே இல்லை. அவள் கையில், உள்ளங்கை அகலத்தில் பெயிண்ட் அடித்த ஒரு சாம்பிள் தகடு. ஒவ்வொரு புடவையையும் அதோடு சேர்த்துவைத்து, வாசல் வெயிலில் ஒரு தடவை, கடை டியூப் லைட்டில் ஒரு தடவை பார்த்தாள். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் அவளுக்கு வேலையே அதுதான். வெளியிலிருந்து பெயிண்ட் அடித்து வரும் பாகங்களுக்கு ஓகே போடுவது, இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவது. அவள் கையால் ஓகே வாங்குவதற்குள் பலருக்கு நாக்குத் தள்ளிவிடும்.

பக்கத்தில் நெளிந்துகொண்டிருந்தான் மாப்பிள்ளை சக்திகுமார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். வல்லம் வடகாலில், அவள் கம்பெனிக்குப் பாகங்களைப் பெயிண்ட் அடித்து அனுப்பும் இடத்தில் பெயிண்ட் கலக்குகிறான். சிங்கப்பெருமாள் கோவிலில் பதினோரு பேரோடு மட்டும் கல்யாணம், மண்டபம் இல்லை, ஃபோட்டோகிராஃபர் இல்லை. புடவையாவது அவள் இஷ்டப்படி இருக்கட்டும் என்றுதான் கூட வந்தான். அவள் கைப்பையிலிருந்து அந்தத் தகட்டை எடுத்ததும் அவன் வாசல் பக்கம் பார்க்க ஆரம்பித்தான்.

“அக்கா, இந்தக் கலருக்கு ஒரு கதை கீது” என்று ஆரம்பித்தாள் கவிப்பிரியா. “இவரு மொதல்ல கொண்டாந்த சாம்பிளை நான் ரிஜெக்ட் பண்ணிட்டேன். ரெண்டாவதும் ரிஜெக்ட். அப்பால பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில போய் உக்காந்துகினு இருந்தாராம். ஒரு மீன்கொத்தி தண்ணியில பாஞ்சுதாம். அது முதுகைப் பாத்ததும் பளிச்சுனு தோணி, ஓடிப்போய் கலவையில ஒரு சொட்டு பச்சை வுட்டாராம். மூணாவது சாம்பிளுக்கு ஓகே போட்டேன்!”

“அடேங்கப்பா!” கங்கா மாப்பிள்ளையை இப்போதுதான் மரியாதையாகப் பார்த்தாள்.

சக்திகுமார் தலையைக் குனிந்துகொண்டான். அந்த மீன்கொத்திக் கதையைக் கேட்டுத்தான் அவள் தன்மேல் ஆசைப்பட்டாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. உண்மையைச் சொன்னால் கல்யாணம் நின்றுபோகலாம். சொல்லாமல் தாலி கட்ட மனசு வரவில்லை.

“கவி, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாத. மீன்கொத்தியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மொத நாளே ஒரே கலவைல மூணு தகடு அடிச்சு வச்சிருந்தேன். அதத்தான் ஒவ்வொண்ணா கொண்டாந்து நீட்டுனேன். ஒரு சொட்டுகூட சேக்கல. நான் வேண்டாம்னா இப்பமே சொல்லிரு. ஊர்லருந்து பஸ் ஏறப் போறவங்கள நிறுத்திருதேன்.”

கங்கா புடவை மடிப்பதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கவிப்பிரியா கலகலவென்று சிரித்தாள். “எனக்கு அன்னிக்கே தெரியும்பா. நான் பிள்ளைப்பாக்கத்துக்காரி. நீ இந்தக் கதை வுட்டது மே மாசம். அப்போ ஏரியில பசங்க கிரிக்கெட் ஆடிகினு இருந்தாங்க. மீன்கொத்திக்கு அங்க இன்னா வேலை?”

சக்திகுமாருக்கு உயிர் வந்தது. கூடவே ரோஷமும் வந்தது.

“அப்புறம் எதுக்கு என்னைய மூணு தடவை அலைய விட்ட? ரெண்டு தடவை சரியில்லாத கலரு, மூணாந்தடவை மட்டும் எப்படி சரியாச்சு?”

அவள் தகட்டைத் திருப்பி அவன் கையில் வைத்துவிட்டு, இருபத்தெட்டாவது புடவையைப் பிரித்தாள்.

தகட்டின் பின்பக்கம், ‘சாம்பிள் 1, ஓகே’ என்று அவள் கையெழுத்து. கீழே தேதி, அவன் முதன்முதலாக அவள் மேசைக்கு முன் வந்து நின்ற நாள்.