அண்ணியின் ஃபிலிம் ரோல்

"அண்ணி, ஒரு நிமிஷம் இருங்க. தலையைச் சீவிட்டு வந்துடறேன்."

க்ளிக்.

"ஆச்சு," என்று நாத்தனார், அவள் புருஷனின் அக்கா, கேமராவை இறக்கினார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடுப்பில் பத்து மாதப் பாப்பா, தோளில் பால் கக்கிய கறை, பறட்டைத் தலை. பிரசவத்துக்குப் பிறகு கன்னத்தில் விழுந்த மங்கு வேறு இன்னும் போகவில்லை. இந்தக் கோலத்தில்தான் எடுக்க வேண்டுமா?

"காட்டுங்க, பார்க்கிறேன்."

"ஃபிலிம் கேமராவுல என்னத்தக் காட்டறது? முப்பத்தாறு படமும் முடியணும், கழுவணும், அப்புறம்தான் பிரிண்ட்."

நாத்தனார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தம்பி வீட்டில் இருப்பார், கழுத்தில் அந்தப் பழைய கேமராவோடு.

தம்பியோ டிஜிட்டல் கேமராவில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவன். இருவரும் உட்கார்ந்தால் இதே பேச்சுதான்.

"ஃபிலிம் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சுக்கா. லேப்பெல்லாம் ஒண்ணொண்ணா மூடியாச்சு."

"எங்க ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஒருத்தர் இன்னும் கழுவித் தர்றார். உன்னோடதும் இருக்கட்டும், இதுவும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே."

"மாசக்கணக்கா காத்திருக்க யாருக்குப் பொறுமை? நான் எடுத்தா அடுத்த நொடி பார்க்கலாம். பிடிக்கலைன்னா தூக்கிடலாம்."

"அதான்டா சங்கடம்," என்றார் நாத்தனார்.

அவர் கிளம்பிப் போனதும் அவள் புருஷனிடம் பொரிந்து தள்ளினாள். "வேணும்னே பண்றாங்க உங்கக்கா. நான் அலங்கோலமா இருக்கற நேரமாப் பார்த்துத்தான் எடுக்கறாங்க."

"எக்ஸ்ரே எடுத்துப் பழகின கை. எலும்பு தெரிஞ்சாப் போதும் அவளுக்கு."

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. தம்பி பொண்டாட்டி லட்சணத்தைப் பாருங்கன்னு ஆஸ்பத்திரி முழுக்கக் காட்டுவாங்க. அப்பத் தெரியும்."

அடுத்த ஞாயிறு பாப்பாவைக் குளிப்பாட்டிவிட்டு, தானும் தொப்பலாக நனைந்து அவள் வெளியே வந்தபோது மறுபடியும் க்ளிக்.

அன்று மத்தியானம் நாத்தனார் பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே உள்ளறைக்குப் போனார். கேமரா மேஜைமேல் இருந்தது.

பின்மூடியைத் திறந்தால் வெளிச்சம் பட்டு ஃபிலிம் பாழாகிவிடும் என்று புருஷன் சொல்லக் கேட்டிருக்கிறாள். கையில் எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்துத் திறந்தேவிட்டாள்.

சட்டென்று மூடிவிட்டு நிமிர்ந்தால், எதிரே நாத்தனார்.

"அது... தெரியாம கை பட்டு..." பொய் பாதியிலேயே நின்றுவிட்டது. "வேணும்னுதான் திறந்தேன் அண்ணி."

இன்றைக்கு வீடு இரண்டுபடும் என்று நினைத்தாள். நாத்தனாரோ கேமராவை வாங்கி, ஃபிலிமைச் சுருட்டி அதன் டப்பிக்குள் ஏற்றினார்.

"உள்சுத்துல இருக்கறது சில சமயம் தப்பிச்சுக்கும். பார்ப்போம்."

பையை எடுத்துக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புருஷனிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு நாத்தனார் வரவுமில்லை.

அதற்கும் அடுத்த ஞாயிறு வந்தார். கையில் ஒரு கவர்.

"பதினொண்ணு தப்பிச்சுது," என்று நீட்டினார்.

ஓரமெல்லாம் வெளிச்சம் தின்று ஆரஞ்சாகக் கிடந்தன படங்கள். அவள் பயந்துகொண்டே முதல் படத்தைப் பார்த்தாள்.

உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். மடியில் பாப்பா கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, அம்மாவின் மூக்கைப் பிடித்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது.

அடுத்ததில் அவள் துணி மடிக்கிறாள். பாப்பா அவள் புடவையைப் பிடித்து எழுந்து நின்று அண்ணாந்து பார்க்கிறது.

இன்னொன்றில் அவள் கொட்டாவி விடுகிறாள். அதையும் பாப்பா வாயைப் பிளந்து ரசிக்கிறது.

மங்கு இருந்தது. பறட்டைத் தலையும் இருந்தது. பாப்பா அதையெல்லாம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. அதன் கண் ஒரே முகத்தில்தான் இருந்தது.

அவள் படங்களை மறுபடி முதலிலிருந்து புரட்டினாள்.

"எல்லாத்துலயும் நான் இருக்கேனே அண்ணி."

"அதுக்குத்தானே எடுத்தேன். தம்பி கம்ப்யூட்டர்ல பாப்பா படம் நாலாயிரத்துக்கு மேல இருக்கு. அவன் இருக்கான், நான் இருக்கேன், எதிர்வீட்டுப் பூனைகூட இருக்கு. ஒண்ணுலயாவது நீ இருக்கியா? அவன் காட்டக் காட்ட நீ அழிச்சுக்கிட்டே வர்றே."

"நல்லாவே இல்லையேன்னுதான்..."

கூடத்தில் தம்பி லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். நாத்தனார் அவன் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்கம்மாவும் இதையேதான் சொல்வாங்க. பிரிண்ட் வந்ததும் கத்தரிக்கோலை எடுத்துத் தன் முகத்தை மட்டும் வெட்டிப் போட்டுடுவாங்க. அவங்க போனப்போ இவனுக்கு ரெண்டு வயசு. அம்மா எப்படி இருப்பாங்கன்னு இன்னைக்கும் என்னைத்தான் கேட்டுக்கிட்டிருக்கான்."