ஒரே புற்று
சஹாரா பாலைவனத்தின் தூஸ் மணல்மேட்டில் உச்சிவெயில் கொளுத்துகிறது. மற்ற உயிரெல்லாம் பதுங்கிவிட்ட இந்த நேரத்தில்தான் வெள்ளி எறும்புகள் இரை தேடிப் புற்றைவிட்டு ஓடி வருகின்றன. புற்றின் அருகே முழங்காலிட்டிருக்கும் மப்ரூகாவின் கையில் அவளே எழுதிய சீட்டு கசங்கிக் கிடக்கிறது. 'ஒரே புற்று: வேலைக்கார எறும்பு, சிப்பாய் எறும்பு' என்று அவள் எழுதியதைச் சிவப்பு மையால் அடித்து, 'இரண்டு இனங்கள்' என்று திருத்தியிருக்கிறார் ஆய்வகத் தலைவர் லஸ்அத். அவர் குடைக்குள் நின்றபடி, "பத்து நாளாப் பாத்தேம்மா. அந்தப் பெரிய தாடைக்காரி ஒண்ணுகூட வெளிய வரல. ஒரே இனம்னா சேந்து வந்திருக்கணுமே," என்கிறார். "சிப்பாய் எதுக்கு இரை தேட வரணும்? புத்துல கை வச்சாத்தான் வரும். கை வச்சது நான். நீங்க குடையை விட்டு வந்தீங்களா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டே அவள் புற்றின் வாயைக் கம்பியால் கிளறுகிறாள். கொடுவாள் போன்ற தாடையோடு ஒன்று பாய்ந்து வருகிறது. அதைக் கண்ணாடிக் குழாயில் தட்டிப் போட்டு, இரையோடு திரும்பும் சின்ன எறும்பு ஒன்றையும் உள்ளே விடுகிறாள். "வேத்து இனம்னா இப்பவே ரெண்டா நறுக்கிடும். நல்லாப் பாருங்க," என்று குழாயை அவர் மூக்கருகே பிடிக்கிறாள். கொடுவாள்கள் அகலத் திறக்கின்றன, பிறகு மூடிக்கொள்கின்றன. சிப்பாயின் உணர்கொம்புகள் சின்ன எறும்பின் தலையை மெல்லத் தடவுகின்றன. மப்ரூகா லஸ்அத்தின் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவி, கசங்கிய சீட்டோடு சேர்த்து நீட்டுகிறாள். "இப்ப உங்க எழுத்தை அடிங்க."