பக்கத்து வீட்டு இருமல்

ஹரிதாஸ் கடைசிக் கம்பளியையும் பலகைச் சுவரில் பிடித்து ஆணி அடித்தான். சுத்தியல் விரலில் இறங்கியது. உதறிக்கொண்டே லேப்டாப் முன்னால் பாய்ந்து உட்கார்ந்தான்.

இன்னும் இரண்டே நிமிடம்.

கோலாலம்பூர் கம்பெனியின் நேர்காணல். டேட்டா சயன்டிஸ்ட் வேலை. இதுவும் கை நழுவினால் அம்மாவும் அவனும் நடுத்தெருவில்தான். முட்டி தேய்ந்து அம்மா கொழுந்து பறிப்பதை விட்டாயிற்று. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய ஆளில்லாத குடும்பத்துக்கு, தோட்டம் கொடுக்கும் லயத்து வரிசையில் வீடு கிடையாது.

போன தடவை கேட்ட கேள்வியே காதில் விழவில்லை. பக்கத்து வீட்டு வேலப்பனின் இருமல் அப்படி. "அமைதியான இடமாகப் பாருங்கள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு" என்று சொல்லிவிட்டார் திரையில் இருந்த பெண்மணி.

எங்கே போவான்? லயத்திலேயே இன்டர்நெட் லைன் கிடைப்பது இந்த ஜன்னலோரத்தில்தான்.

நேற்று வேலப்பனின் மனைவி காளியம்மாவிடம் போய்க் கெஞ்சினான்.

"படுத்த படுக்கையா கெடக்கற மனுசன் ஒனக்காக மூச்சப் புடிச்சுக்கணுமாக்கும்? வந்துட்டாரு பாரு, சின்ன தொர! போ லா!"

குழாயடியே சிரித்தது.

திரை விழித்தது. வணக்கம் சொல்லி வாயை மூடவில்லை, சுவருக்கு அப்பால் ஆரம்பித்துவிட்டது.

இருமல். கம்பளியைப் பிய்த்துக்கொண்டு வந்தது. பெண்மணியின் புருவம் சுருங்கியது.

முருகா, நிறுத்து. எப்படியாவது நிறுத்திவிடு.

நின்றது.

ஏதோ பாத்திரம் உருண்டது. யாரோ ஓடினார்கள். அப்புறம் அதுவும் இல்லை. அப்பாடா!

தரவில் சில எண்கள் காணாமல் போயிருந்தால் என்ன செய்வீர்கள் என்றார் பெண்மணி.

அவசரப்பட்டு நிரப்பிவிடக் கூடாது, ஏன் காணவில்லை என்று முதலில் விசாரிக்க வேண்டும் என்று மளமளவெனச் சொன்னான். அவர் தலையசைத்தார். அடுத்த கேள்வி. அதற்கும் அடுத்தது.

லயத்தில் ஒரு சத்தம் இல்லை. டிவி இல்லை, பிள்ளைகளின் கூச்சல் இல்லை. மேட்டில் வந்த மோட்டார் சைக்கிள்கூட தூரத்திலேயே அணைந்து, யாரோ அதைத் தள்ளிக்கொண்டு போவது கேட்டது. காளியம்மாவுக்கு மனசு இளகிவிட்டது போல!

கடைசியில் பெண்மணி சிரித்தார். அடுத்த மாதமே வந்து சேர முடியுமா?

முடியும் என்று எத்தனை தடவை சொன்னான் என்பது அவனுக்கே தெரியாது. திரை அணைந்ததும் கதவை இழுத்துத் திறந்தான். "அம்மா!" என்று கத்தப் போனவன் அப்படியே நின்றான்.

லயமே பக்கத்து வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்தியிருந்தாள்.

நடுவில் காளியம்மா. வாய்க்குள் அடைத்திருந்த துண்டை மெல்ல வெளியே எடுத்தாள்.

"முடிஞ்சிருச்சா தம்பி?"

தலையாட்டினான்.

"அவரு போயி ஒரு மணி நேரமாச்சுய்யா... இனிமே நான் அழலாம்ல?"