சொம்பில் மிச்சம்

மூன்று மாடி ஏறி வந்த கோமளவல்லி, "யப்பா, செத்தேன்" என்று தரையில் உட்கார்ந்து, சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மூச்சுவிடாமல் குடித்தாள். நுரையீரல் நோயோடு ஏழு வருடமாகக் கட்டிலில் இருக்கும் கணவன் தணிகைவேல், அவளது தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்தான். காலையில் சட்டை மாட்டிய களைப்பே அவனுக்கு இன்னும் தீரவில்லை. அவளோ சொம்பை வைத்ததும் எழுந்து முந்தானையைச் செருகினாள்.

"அதுக்குள்ள சரியாயிடுச்சா? உன்னுதெல்லாம் ஒரு களைப்பா?"

"அதான் தண்ணி குடிச்சாச்சுல்ல" என்று துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனாள். படியேறிக்கொண்டே யாருடனோ போனில் சிரித்துப் பேசுவது கேட்டது.

தணிகைவேல் சொம்பை எடுத்தான். அடியில் நாலு வாய் இருந்தது. அவளைப் போலவே அண்ணாந்து குடித்துப் பார்த்தான், முடியவில்லை. வாய் வைத்து, இளைத்து இளைத்து, அவளுக்கு ஒரு சொட்டுகூட விடாமல் குடித்தான். பிறகு காலைத் தரையில் ஊன்றி, சரியாவதற்காகக் காத்திருந்தான்.