இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை

"கீழ வைக்காதீங்க! அப்படியே நில்லுங்க. சாட்சிக்கு வேணும்."

பேக்கரிக்காரர் அவுசேப்பு, கைக்கு ஒன்றாக இரண்டு இருபது கிலோ டம்பெல்லைத் தொங்கவிட்டபடி அறை நடுவில் சிலையாக நின்றார். வாசலை அடைத்துக்கொண்டு, நீலச் சட்டையும் தலையில் சிவப்புத் துண்டுமாக ஆறு சுமைத் தொழிலாளிகள்.

சாலக்குடிச் சந்தைக்கு எதிரே, இந்த மாடியில் லின்சி ஜிம் திறந்து நாலு மாதம்தான் ஆகிறது. இவர்கள் வாசலில் கொடி நட்டுவிட்டால் நாளை முதல் ஒரு ஈ கூடப் படியேறாது.

"என்ன சேட்டா, என்ன பிரச்சினை?"

"தலைவர் வந்து சொல்லுவாரு" என்றான் முன்னால் நின்ற சசி.

சங்கத் தலைவர் திவாகரன் எல்லாருக்கும் கடைசியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று ஏறி வந்தார். வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். முழு டம்ளரும் காலியான பிறகுதான் முழங்கினார்.

"இந்தச் சந்தை வட்டாரத்துல சுமை தூக்கறது யாரு வேலை?"

"எங்க வேலை!" என்றார்கள் ஆறு பேரும்.

"ஐயோ சேட்டா, இது சுமை இல்ல. உடற்பயிற்சி" என்றாள் லின்சி.

"எனக்குத் தெரியாதா? முன்னாடி இங்க சில பேரு மிஷின்ல ஓடினாங்க. ஓட்டத்துக்குச் சங்கம் இல்ல, விட்டோம். சில பேரு நின்ன எடத்துல தூக்கி நின்ன எடத்துலயே வெச்சாங்க. அதையும் விட்டோம். போன வாரம் நீ ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துட்ட. எடையைக் கையில குடுத்து இந்தச் சுவத்துலேருந்து அந்தச் சுவத்துக்கு விறுவிறுன்னு நடக்க விடற. இதுக்குப் பேரு உடற்பயிற்சியா? சரக்கை எடம் மாத்தறது!"

"கடைசில எடுத்த எடத்துலயேதானே வைக்கிறாங்க?"

"போயிட்டுத் திரும்பி வந்தா ரெண்டு நடை."

ஆறு பேரும் தலைவரைப் பெருமையோடு பார்த்தார்கள். அவுசேப்பு டம்பெல்லோடு கால் மாற்றி நின்றார்.

"திவாகரா, நான் இதை வெச்சிடட்டுமா?"

"விசாரணை முடியல." திவாகரன் லின்சி பக்கம் திரும்பினார். "எது முதல்ல? ஓட்டமா, சுமையா?"

"எடைதான் முதல்ல. ஓடிக் களைச்ச உடம்போட தூக்கினா முதுகு பிடிச்சுக்கும்."

"எழுதிக்கோ" என்றார். சசி ஒரு சங்க நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான்.

"வாரத்துல எத்தனை நாளு?"

"மூணு நாளு."

"புதுசா வர்ற ஆம்பளைக்கு எத்தனை கிலோ?"

"கைக்கு எட்டு கிலோ."

"அம்பத்தஞ்சு வயசு ஆம்பளைன்னா?"

"அஞ்சு போதும்."

திவாகரனின் முகம் சுருங்கிவிட்டது. "அஞ்சா?" என்று தமக்குள் முனகினார். பிறகு, "சரி, அதையும் எழுது" என்றார்.

எழுந்து நின்று தீர்ப்பு சொன்னார். வாரத்தில் மூன்று நாள், காலை ஆறு முதல் ஏழு வரை, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் நடக்கிற சுமை வேலை சங்கத்துக்கு உரியது. சங்கத்து ஆள் ஒருவன் வந்து தூக்குவான். மற்ற நேரத்தில் யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொள்ளலாம்.

"நான் வர்றேன் தலைவரே" என்று சசி நெஞ்சை நிமிர்த்தினான்.

"நீ வேண்டாம். பொறுப்பான வேலை. நானே வர்றேன்."

சங்கத்தின் ஒற்றுமை ஓங்குக என்று கத்திக்கொண்டே ஆறு பேரும் படியிறங்கினார்கள். டம்பெல்லைப் போட்ட அவுசேப்பு, கையை உதறிக்கொண்டு அவர்களையும் முந்திக்கொண்டு ஓடினார். நாலு மாதத்தில் அந்த மனிதர் அவ்வளவு வேகமாக ஓடி லின்சி பார்த்ததில்லை.

திவாகரன் மட்டும் போகவில்லை. கதவைச் சாத்தினார்.

லின்சிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "எட்டு மணிக்குக் கடை திறக்கறவங்க எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துலதான் வர்றாங்க. அவங்க எடையை நீங்க தூக்கிட்டா அவங்க என்ன செய்வாங்க? உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன் சேட்டா?"

திவாகரன் சட்டைப் பையிலிருந்து, எட்டாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். டாக்டர் சீட்டு.

"ஓட்டமும் எடையும் சேர்த்துச் செய்யணுமாம். இல்லேன்னா நெஞ்சுல கத்தி வைக்கணும்னு சொல்லிட்டாரு. சந்தையில இப்ப எல்லாத்தையும் மிஷினே எறக்கிடுது மோளே. எட்டு வருஷமா நான் தூக்கினது கொடி மட்டும்தான்."

லின்சி சீட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இதுக்கா இவ்வளவு கூத்து? எல்லாரையும் போலப் பணம் கட்டிச் சேர்ந்திருக்கலாமே!"

திவாகரன் சன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்தார். கோஷம் இன்னும் ஓயவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சுமைக்காரன் காசு குடுத்துச் சுமை தூக்கினா, ஊரு சிரிக்காதா மோளே?"