கரையில் செருப்பில்லை

தொடக்கக் கொடியை மேடையில் நின்ற வஹிதாவின் கையில் கொடுத்துவிட்டு, மகன் ஜீஷான் மைக்கைப் பிடிக்க ஓடினான்.

கீழே ஏரி விளிம்பில் அறுநூறு பேர் நின்றார்கள். ஒவ்வொரு கணுக்காலிலும் ஒரு சிப். யார் தண்ணீருக்குள் இருக்கிறார், யார் கரையேறினார் என்பதைக் கம்ப்யூட்டரே சொல்லிவிடும்.

முதல் வருடம் பதினொரு பேர்தான். காரிமங்கலத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த அவள் கணவர் அப்துல் ரஷீத் ஆரம்பித்த டிரையத்லான் இது. நீந்தி முடித்து, சைக்கிள் மிதித்து, பிறகு ஓடவும் வேண்டும் என்றதும் சந்தையே சிரித்தது. “ஏன் பாய், போலீஸ் தொரத்துதா?”

அப்போது சிப் ஏது? செருப்புதான். இறங்குகிறவர் கரையில் கழற்றிவிட வேண்டும். ஏறியதும் மாட்டிக்கொண்டுதான் சைக்கிளுக்குப் போக வேண்டும். கரையில் ஒரு ஜோடி மிஞ்சினாலும் தண்ணீருக்குள் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

அதைப் பார்க்கிற வேலை பச்சியப்பனுடையது. ஏரிக்குக் கீழே தக்காளி போடுகிறவன். நாலாம் வருடமும் அவன்தான் கரையை மூன்று முறை நடந்து பார்த்து, “கரையில செருப்பில்ல!” என்று கத்தினான். காவலுக்கு நின்ற பரிசல்கள் கரையேறின.

ரஷீத் ஏறவில்லை. மதியம்தான் கிடைத்தார்.

போட்டி அவர் பெயரிலேயே வளர்ந்தது. பெங்களூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். பச்சியப்பன் மட்டும் மண்டியில் தக்காளிப் பெட்டியைத் தொட்டால் போதும், யாராவது சொல்வார்கள்: “நீ எண்ணாதப்பா. வேற ஆளு எண்ணட்டும்.”

இப்போது அவன் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

“அக்கா, பாய் செருப்பு பச்சை வாரு. எனக்குத் தெரியாதுங்களா? சத்தியமா கரையில இல்லீங்க. இல்ல, இருந்து நான்தான் பாக்கலியா? ஆறு வருஷமா தூக்கமில்ல. நீங்களாச்சும் சொல்லுங்க.”

வஹிதா வாயைத் திறந்தாள். மைக்குப் பின்னாலிருந்து ஜீஷான் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

“நான் எப்பவோ மன்னிச்சுட்டேன், பச்சியப்பா.”

அவன் கேட்டது மன்னிப்பை அல்ல.

“அப்ப... நான்தான் பாக்கலீங்க” என்றான். கையெடுத்துக் கும்பிட்டான். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டான்.

அவள் கொடியை அசைத்தாள். அறுநூறு பேரும் தண்ணீரில் பாய்ந்தார்கள்.

மூன்றாம் வருடம் ரஷீத் செருப்பைக் கரையிலேயே மறந்து, வெறுங்காலோடு சைக்கிள் மிதித்தார். பச்சியப்பன் பதறிப் பரிசலை விரட்ட, ஊரே சிரித்தது. பெடல் கிழித்த உள்ளங்காலுக்கு வஹிதா பத்து நாள் மருந்து போட்டாள்.

மறு வருடமும் மறந்துவிடுவார், பாவம் மனுஷன் என்று, அவர் தண்ணீரில் இறங்கியதுமே பச்சை வார்ச் செருப்பை எடுத்துப்போய் அவர் சைக்கிளடியில் ஜோடி சேர்த்து வைத்தாள். வைத்துவிட்டு, பிரியாணிச் சட்டியைப் பார்க்கப் போனாள்.

மதியம் எல்லோரும் ஏரியைப் பார்த்து ஓடியபோது, அதை எடுத்துப் பைக்குள் மறைத்ததும் அவள்தான்.